கௌபிப் பயற்றில் எடுத்த பால் கூழாகிறது, தேத்தண்ணியில் ஊற்றினால் திரிகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நானுஓயா மகள்:

வணக்கம். நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கேள்வி சமையல் கேள்விதான், ஆனால் மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது.

அப்பாவுக்கு 64 வயது. தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே காலம் போன மனிதர். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து ஒரு கோப்பை பால் தேத்தண்ணி குடிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறியபோது, அம்மா உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார். அப்பாவின் கோப்பையில் மட்டும் கை வைக்கவில்லை.

இப்போது அந்தப் பால்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஊதும், இரையும், கொஞ்ச நேரத்தில் வயிற்றோட்டம். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சீனி செரிக்கவில்லை, நிறுத்திப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். நிறுத்தினோம், நின்றுவிட்டது. ஆனால் அப்பா இப்போதெல்லாம் வெறுந்தேத்தண்ணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்து, ஆறிய பிறகு பாதியை வாசலில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறார் (இப்போது மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை). வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

ஏன் கௌபி என்று கேட்பீர்கள். அக்காவை வெல்லவாயப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தானுக்கு அங்கே கொஞ்சம் மேட்டுக்காணி. குளத்துத் தண்ணீர் ஏறாது, மழையை நம்பித்தான் விதைப்பு. போன சிறுபோகத்தில் சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. நின்ற நிலையிலேயே காய்ந்தது. ஓரத்தில் போட்டிருந்த கௌபி மட்டும் அந்த வெயிலிலும் பச்சையாக நின்று காய்த்தது. அதில் 20 கிலோ பஸ்ஸில் ஏற்றி எங்களுக்கு அனுப்பினார்கள். அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, கட்டச் சம்பலோடு எத்தனை நாள்தான் தின்பது? பக்கெட்டில் வரும் சோயாப் பாலைத் தினமும் வாங்க எங்களுக்குக் கட்டாது. சோயாவில் பால் எடுக்கலாம் என்றால் கௌபியில் ஏன் முடியாது என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

முதல் தடவை ஒரு கோப்பை கௌபியை இரவு ஊறவைத்து, காலையில் மூன்று கோப்பை தண்ணீர் விட்டு பிளெண்டரில் அடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். பார்க்கப் பால் போலவே இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுப்பில் வைத்தேன். கொதி வருவதற்கு முன்பே கட்டிபட்டு, கரண்டி நிற்கிற கூழாகிவிட்டது. அடுத்த நாள் தண்ணீரைக் கூட்டினேன். கூழ் கொஞ்சம் நெகிழ்ந்தது, ஆனால் பச்சை அவரையைக் கடித்தது போல ஒரு வாசம். மூன்றாம் நாள் அதைக் கொதிக்கக் கொதிக்க இருந்த டஸ்ட் தேத்தண்ணியில் ஊற்றியதும் துணுக்குத் துணுக்காகத் திரிந்துவிட்டது. அப்பா அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

கூழாகாமல், வாசம் இல்லாமல், திரியாமல் எடுக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

மகள், நான் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். நீங்கள் செய்ததில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. சோயாவுக்குச் சொன்ன முறையைக் கௌபிக்குச் செய்திருக்கிறீர்கள், அதுதான் விஷயம். சோயாவில் மாப்பொருள் (ஸ்டார்ச்) கிட்டத்தட்ட இல்லை. புரதம் சுமார் 36 வீதம், கொழுப்பு 20 வீதம். கௌபியில் புரதம் 24 வீதம் அளவில் இருக்கிறது, கொழுப்பு ஒன்றிரண்டு வீதம்தான், பாதிக்குப் பாதி மாப்பொருள். அந்த மா 70 பாகையைத் தாண்டும்போது தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். கஞ்சி காய்ச்சும்போது நடப்பதும் அதுதான். தண்ணீரைக் கூட்டினால் கூழ் நெகிழுமே தவிர மா எங்கும் போகாது.

ஆகவே அடுப்பில் வைப்பதற்கு முன்பே மாவைப் பிரித்துவிட வேண்டும். பிழிந்த பாலை உயரமான பாத்திரம் ஒன்றில் ஊற்றி, அசைக்காமல் மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். அடியில் வெள்ளையாக, சுண்ணாம்பு படிந்தது போல மா இறங்கியிருக்கும். மேலே இருக்கும் பாலைப் பாத்திரத்தைச் சாய்த்து மெதுவாக வேறு சட்டிக்கு மாற்றுங்கள். கடைசி நாலு விரற்கடைப் பாலுக்கு ஆசைப்படாதீர்கள், அதோடு மாவும் வந்துவிடும். புரதத்தில் பெரும் பகுதி மேலே தண்ணீரில் கரைந்து நிற்கும். இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நானுஓயாக் குளிரில் மூன்று மணி நேரம் வெளியே வைத்தாலும் அது புளிக்காது. உங்கள் அக்கா வெல்லவாயவில் இதைச் செய்தால் குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

வாசத்தைப் பற்றி. ஊறிய பயற்றைத் தண்ணீரோடு அரைத்த உடனே அதில் இருக்கும் ஒரு நொதியம் (என்சைம்) கொழுப்போடு சேர்ந்து அந்தப் பச்சை வாசத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதியம் செயலிழந்துவிடும். அதனால் ஊறிய கௌபியைக் கையால் தேய்த்துத் தோலைக் கழற்றி, மிதக்கும் தோலை வடித்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். அதற்குப் பிறகு அரையுங்கள். இரண்டு நிமிடம்தான். பத்து நிமிடம் விட்டால் மா உள்ளேயே வெந்து பிடித்துக்கொள்ளும், பிறகு பிழிந்தாலும் பால் இறங்காது. ஊறவைத்த தண்ணீரைக் கண்டிப்பாக வெளியே ஊற்றுங்கள். வயிற்றில் காற்றை உண்டாக்கும் சீனி வகைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அப்பாவின் வயிற்றுக்கு அது முக்கியம். வெள்ளைக் கௌபி கிடைத்தால் நல்லது, சிவப்பின் தோலில் துவர்ப்பு அதிகம்.

இன்னொன்று. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். நீங்களும் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறீர்கள். கொதி வந்தது என்று இறக்கிவிடாதீர்கள். மெல்லிய தீயில் 20 நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பச்சைப் பயற்றில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவை அடங்கினால்தான் குடிக்க உகந்தது. உங்கள் ஊரில் ஊறுவதற்கும் நேரம் எடுக்கும், 12 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

ஆபிரிக்காவில் பம்பாரா நிலக்கடலை என்று ஒன்று இருக்கிறது. கௌபியின் நெருங்கிய உறவு, வறட்சியைத் தாங்குவதிலும் அப்படித்தான், ஆனால் நிலக்கடலை போல மண்ணுக்குள் காய்க்கும். அதிலும் பால் எடுக்கிறார்கள். அதில் கொழுப்பு 6 வீதம் அளவில் இருப்பதால் கௌபியை விட வாயில் ஒரு கொழுமை கிடைக்கும். நம்முடைய கௌபிக்கு அந்தக் கொழுமையைத் தேங்காய்தான் கொடுக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி முதற்பால், கடைசியில்.

ஹட்டன் தேத்தண்ணிக்கடை:

தங்கச்சி, பால் எடுப்பது பற்றி டீச்சர் சொல்லிவிட்டார். தேத்தண்ணி பற்றி நான் சொல்கிறேன், 19 வருடமாக அடுப்பு முன்னால்தான் நிற்கிறேன்.

திரிவதற்குக் காரணம் உங்கள் சாயம். டஸ்ட்டைக் கொதிக்கவிட்டு எடுக்கிற சாயத்தில் துவர்ப்பும் புளிப்புத்தன்மையும் கூட. மாட்டுப்பால் அதைத் தாங்கும், பயற்றுப்பால் தாங்காது. நம் கடைக்கு வந்து தங்கியிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் சோயாப் பால் கொண்டுவந்து போடச் சொன்னபோது எனக்கும் முதலில் திரிந்தது, அப்படிப் பழகினதுதான் இது. தேயிலையைச் சட்டியில் போட்டுக் கொதிக்க விடாதீர்கள். கொதித்த தண்ணீரை இறக்கி, தேயிலையைப் போட்டு மூன்று நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். பாலைத் தனியாகச் சூடாக்கிக் கோப்பையில் முதலில் ஊற்றுங்கள். அதன் மேல் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பால்தான் முதலில், சாயம் பிறகு. குளிர்ந்த பாலில் சூட்டுச் சாயம் விழுந்தாலும் திரியும், இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

பால் காய்ச்சும்போது அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடலாம். புளிப்பைக் கட்டுப்படுத்தும். சிட்டிகைக்கு மேல் போனால் சவர்க்கார ருசி வந்துவிடும், கவனம். அப்புறம் ஒரு கல் உப்பு. ஆற்றும்போது ரொம்ப உயரத் தூக்கி ஆற்ற வேண்டாம், நுரை நிற்காது, சீக்கிரம் ஆறித்தான் போகும்.

தாதி அக்கா:

ஆஸ்பத்திரி வேலையில் இருப்பதால் இரண்டு விஷயம் சொல்லாமல் போக முடியவில்லை.

அப்பாவுக்குத் தேத்தண்ணிக்கு இது தாராளமாக நல்லது, லாக்டோஸ் இதில் கிடையாது. ஆனால் பசுப்பாலுக்கு இது ஈடு என்று நினைத்துவிடாதீர்கள். பசுப்பாலில் 100 மில்லிலீற்றரில் சுமார் 120 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. வீட்டில் எடுக்கிற கௌபிப் பாலில் அதில் சிறு பங்குதான் வரும். பி12 விற்றமின் பயறு எதிலும் இல்லை. நெத்தலியை முள்ளோடு பொரித்துக் கொடுங்கள், குரக்கன் ரொட்டி கொடுங்கள், முட்டை கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாலை உறைய வைக்கும் கிருமிகளே தின்றுவிடுகின்றன. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு கரண்டியில் தொடங்கிப் பாருங்கள்.

இரண்டாவது, இதை வாசிக்கிற தாய்மாருக்கு. பால்மா விலை ஏறிய நாட்களில் கைக்குழந்தைக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கௌபிப் பாலை ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால், அது முடியாவிட்டால் வைத்தியர் சொல்கிற குழந்தைப் பால்மா. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கோத்தகிரிப் பேரன்:

நான் நீலகிரியில் இருக்கிறேன். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலவாக்கலையிலிருந்து தலைமன்னாருக்கு வந்து, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்த குடும்பம். கவ்வாத்து என்ற சொல்லை வாசித்ததும் தாத்தா குரலே கேட்டது போல இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கௌபியைத் தட்டைப்பயறு என்போம். என் பாட்டி பால் எடுத்ததில்லை, ஆனால் பயற்றங்கஞ்சி கட்டிபட்டால் முளைகட்டிய ராகி மாவு, உங்கள் குரக்கன்தான், ஒரு கரண்டி போடுவார். சூடு இளஞ்சூட்டைத் தாண்டி, ஆனால் கொதிக்காமல் இருக்கும்போது போட்டு, இறக்கி மூடி வைத்துவிடுவார். கால் மணி நேரத்தில் கஞ்சி தண்ணீராக இளகியிருக்கும். முளைத்த தானியத்தில் இருக்கிற நொதி மாவை உடைத்துச் சீனியாக்கிவிடுகிறது என்பதைப் பிறகு கல்லூரியில்தான் படித்தேன். கூழாகிப்போன பாலைக் கொட்ட வேண்டாம் என்பதற்குச் சொல்கிறேன். நிறம் மங்கும், லேசாக இனிக்கும். தேநீருக்கு ஆகாது, காலைக் கஞ்சிக்கு அருமையாக இருக்கும்.

நானுஓயா மகள்:

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதல் நாள் மா இறங்கும் வரைக்கும் பொறுமை இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் ஊற்றிவிட்டேன், பாதிக் கூழ். அதைக் கோத்தகிரி அண்ணன் சொன்னது போலக் குரக்கன் முளைமா போட்டுக் கஞ்சியாக்கினோம். அண்ணன், அம்மா உங்களை விசாரித்தார். தலவாக்கலையில் எந்தத் தோட்டம் என்று கேட்கிறார்.

இரண்டாம் நாளிலிருந்து ஒழுங்கு வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு ஊறப்போடுகிறோம். விடிய எழும்பி அரைத்தால் மா இறங்க நேரம் போதாது என்பதால், காலையில் ஊறியிருப்பதைப் பகலில் அரைத்து, இரவுச் சமையலோடு காய்ச்சி மூடி வைக்கிறேன். தோல் கழற்றுவதுதான் பெரிய வேலை. பீலித் தண்ணீரில் கை விறைத்துவிடுகிறது. தேய்த்துத் தேய்த்துத் தோல் மிதந்து போவதைப் பார்க்கும்போது ஒரு திருப்தியும் இருக்கிறது. ஒரு கோப்பைக் கௌபிக்கு நாலு கோப்பைத் தண்ணீர் விட்டு அரைத்தால், மா போக எனக்கு மூன்று கோப்பை போலப் பால் நிற்கிறது. காய்ச்சும்போது லேசாகத் தடிக்கும், கூழாகாது. சக்கையில் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டு வடை சுட்டேன். அடியில் இருந்த மாவை ரொட்டி மாவோடு பிசைந்தேன், ரொட்டி மெத்தென்று வந்தது.

இந்த இரண்டு நிமிடக் கொதிநீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் அதை விட்டுப் பார்த்தேன், பச்சை வாசம் அப்படியே திரும்பி வந்தது.

தேத்தண்ணி. கடைக்கார அண்ணன் சொன்னபடி பாலை முதலில் ஊற்றி, சாயத்தை நூல் போல விட்டேன். திரியவில்லை. மாட்டுப்பால் தேத்தண்ணியின் நிறம் வராது. கொஞ்சம் மங்கலான பழுப்பு நிறம். ருசியில் பயறு இருப்பது தெரிகிறது. நான் அப்பாவிடம் இது பால் என்று பொய் சொல்லவில்லை. அக்கா வீட்டுக் கௌபி என்றுதான் சொன்னேன். "வெயில்ல நின்ன பயறா?" என்று கேட்டுவிட்டு முழுவதையும் சூட்டோடு குடித்தார். வாசலில் ஊற்றவில்லை. வயிறும் ஒன்றும் செய்யவில்லை, முதல் இரண்டு நாள் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான்.

இப்போது மாலையில் கௌபியைச் சுளகில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி ஊறப்போடுவது அப்பாதான். நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டு கேள்வி மிச்சம். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, காய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்? எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காணித்துண்டில் கௌபி போடலாமா என்று அப்பா கேட்கிறார்.

தாதி அக்கா:

இரவு காய்ச்சியதை மூடி வைத்து, காலையில் மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். அதற்கு மேல் வைக்க வேண்டாம். குளிர் ஊர்தானே என்று மாலை வரைக்கும் இழுக்காதீர்கள். பயற்றுப்பால் கெட்டால் பசுப்பால் போல உடனே புளித்துக் காட்டிக்கொடுக்காது. காலையில் மிஞ்சினால் ரொட்டி மாவில் ஊற்றிவிடுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

துண்டில் போட வேண்டாம் மகள். கௌபிக்குச் சூடு வேண்டும், ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். நானுஓயா மழையும் பனியும் அதற்கு ஆகாது. வெல்லவாயவில் சோளம் காய்ந்த வெயிலில் அது நின்றதே, வேர் ஆழமாக இறங்கி அடி ஈரத்தை எடுத்துக்கொள்ளும் செடி. அந்தச் செடியை மழை ஊருக்குக் கொண்டுவந்து கஷ்டப்படுத்தக் கூடாது. உங்கள் துண்டில் போஞ்சியும் லீக்ஸும் போட்டு அக்காவுக்கு அனுப்புங்கள், கௌபி அங்கிருந்து வரட்டும். அடுத்த முறை அத்தானிடம் வெள்ளைக் கௌபி விதை போடச் சொல்லுங்கள். விதைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

நானுஓயா மகள்:

சரி டீச்சர். இன்றைக்கே அக்காவுக்குக் கோல் எடுத்துச் சொல்கிறேன். லீக்ஸ் இந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகிறது.